மல்லிகை ஏன் மஞ்சளானது? – அமிலம், காரம்: உழவருக்கு ஒரு பாடம்



வீட்டில் ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். அமிலம், காரம் பற்றி அவர்களுடைய அறிவியல் புத்தகத்தில் பாடம் இருக்கிறது. நானும் அந்த வயதில் அதைப் படித்தேன். பரீட்சை எழுதினேன், மறந்தேன். வங்கியில் முப்பத்தைந்து வருடம் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்று, மல்லிகைத் தோட்டத்தில் கையைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் அந்தப் பாடம் எதற்கு என்று புரிந்தது. நான் தொலைத்த பணத்தை நீங்களும் தொலைக்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் கலந்த நிலத்தில் 40 சென்ட் மல்லிகை வைத்தேன். மூன்றாம் வருடம் கொழுந்து இலைகள் மஞ்சளாக ஆரம்பித்தன. சத்துக் குறைவு என்று நினைத்து பஞ்சகவ்யா, ஜீவாமிர்தம் எல்லாம் இரண்டு மடங்கு கொடுத்தேன். மாறவில்லை. கைபேசியில் வந்த ஒரு படத்தில் "சுண்ணாம்பு போடுங்கள், மண் சரியாகும்" என்றார்கள். ஐந்து மூட்டை வாங்கித் தூவினேன். மஞ்சள் இன்னும் வெளிறியது. கடைக்காரர் "இரும்புச் சத்து இல்லை சார்" என்று அன்னபேதி (இரும்பு சல்பேட்) 25 கிலோ கொடுத்தார். அதையும் மண்ணில் போட்டேன். பத்து நாளில் மண்ணின் மேல் துரு நிறத்தில் திட்டுத் திட்டாகக் கிடந்தது. செடி அப்படியே நின்றது. கைக்காசு 11,000 ரூபாய் போனது. அதைவிட, பங்குனி சித்திரைப் பூ முழுதும் போனது.

அப்போது பூ எடுக்க வரும் அம்மா ஒருவர் சொன்னார்: "சார், குப்பைக்குழி ஓரத்துல நிக்கிற பத்துச் செடி மட்டும் பச்சையா இருக்கு, பாத்தீங்களா?" நான் பார்க்கவில்லை. அவர் தினமும் பார்த்திருக்கிறார். அதே மண், அதே தண்ணீர், அதே நாற்று. பிறகு ஏன் அந்தப் பத்துச் செடி மட்டும் பச்சை? இந்தக் கேள்விக்குப் பதில்தான் இன்றைய பாடம்.

புளிப்பும் வழுவழுப்பும்

எலுமிச்சை, புளி, புளித்த மோர் – இவை புளிப்பாக இருப்பதற்குக் காரணம் அமிலம். எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், புளியில் டார்டாரிக் அமிலம், மோரில் லாக்டிக் அமிலம். அமிலம் என்றதும் 'ஆசிட்' பாட்டில் ஞாபகம் வந்து பயப்பட வேண்டாம். நாம் தினமும் ரசத்தில் குடிப்பதும் அமிலம்தான்.

சோப்புத் தண்ணீர், சாம்பல் தண்ணீர், சுண்ணாம்புத் தெளிநீர் – இவற்றைக் கையில் தொட்டால் வழுவழுவென்று இருக்கும். இவை காரம். இங்கே ஒரு குழப்பம் வரும். மிளகாயில் இருக்கும் காரம் நாக்கின் எரிச்சல். பாடப் புத்தகத்துக் காரம் வேறு. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், சம்பந்தம் இல்லை. (சுண்ணாம்பைச் சோதிக்கிறேன் என்று கண்ணருகே கொண்டுபோக வேண்டாம். கண்ணைக் கெடுத்துவிடும்.)

உள்ளே நடப்பது என்ன? தண்ணீரில் கரையும்போது ஹைட்ரஜன் அயனியைக் கொடுப்பது அமிலம். ஹைட்ராக்சைடு அயனியைக் கொடுப்பது காரம். இரண்டையும் கலந்தால் அந்த இரண்டு அயனிகளும் சேர்ந்து தண்ணீராகிவிடும். மிச்சம் நிற்பது ஓர் உப்பு. இதற்கு நடுநிலையாக்கல் என்று பெயர். வயிறு எரிந்தால் சோடா உப்புக் கலந்து குடிக்கிறார்களே, அதுவும் இதே வேலைதான்.

எது அமிலம், எது காரம் என்று காட்டிக்கொடுக்கும் பொருளுக்கு நிறங்காட்டி என்று பெயர். பள்ளியில் லிட்மஸ் தாள் கொடுப்பார்கள். நம் வீட்டில் அதைவிடப் பழையது ஒன்று இருக்கிறது: ஆலத்தித் தட்டு. மஞ்சள் கரைத்த தண்ணீரில் சிட்டிகை சுண்ணாம்பு போட்டதும் செக்கச்செவேல் என்று ஆகிறதே, அது வேதியியல் சோதனை. மஞ்சள் காரத்தைக் கண்டால் சிவக்கும். அதில் எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாகிவிடும். பிள்ளையிடம் செய்து காட்டச் சொல்லுங்கள்.

எண்ணில் ஒரு பூஜ்ஜியம்

எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்று சொல்ல ஓர் அளவுகோல் இருக்கிறது. அதுதான் மண் பரிசோதனைத் தாளில் 'கார அமில நிலை' அல்லது 'பி.எச்.' என்று வருவது. 1909-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில், கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த சோரன்சன் என்ற விஞ்ஞானி கொண்டுவந்தது. புளிக்க வைக்கிற தொழிலில் புளிப்பை அளக்க ஒரு வழி தேவைப்பட்டது. மோரும் ஜீவாமிர்தமும் புளிக்க வைக்கும் நமக்கும் அது தேவைதான்.

அளவுகோல் 0 முதல் 14 வரை. நடுவில் 7. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். கிட்டத்தட்ட அளவுகள் இவை:

எலுமிச்சைச் சாறு – 2 முதல் 2.5
புளித்த மோர் – 4
மழைத் தண்ணீர் – 5.6
பால் – 6.6
தூய நீர் – 7
சமையல் சோடா கரைசல் – 8.3
சோப்புத் தண்ணீர் – 9 முதல் 10
சுண்ணாம்புத் தெளிநீர் – 12.4

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 7-க்கும் 8-க்கும் ஒரு படிதானே என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. காசோலையில் ஒரு பூஜ்ஜியம் கூடிப்போவது மாதிரி. 100 ரூபாய் 1,000 ஆகும். இரண்டு பூஜ்ஜியம் கூடினால் 10,000. மண் 6.5-இல் இருப்பதற்கும் 8.5-இல் இருப்பதற்கும் நூறு மடங்கு வித்தியாசம்.

பெரும்பாலான பயிருக்கு 6.5-லிருந்து 7.5 வரை இருந்தால் மண்ணிலுள்ள சத்துகள் தாராளமாகக் கிடைக்கும். என் மல்லிகை மண்ணைப் பரிசோதித்தபோது வந்த எண் 8.3. தாளில் இன்னொரு வரியும் இருந்தது: 'சுண்ணாம்புத் தன்மை – அதிகம்'. அந்த மண்ணில்தான் நான் காசு கொடுத்து ஐந்து மூட்டை சுண்ணாம்பு வாங்கிப் போட்டிருந்தேன்.

ஊருக்கு ஊர் மண் வேறு

படத்தில் சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது அவர் ஊர் மண்ணுக்கு. கேரளத்தில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. மேலே உள்ள பட்டியலைப் பாருங்கள், மழைத் தண்ணீரே லேசான அமிலம். காற்றிலுள்ள கரியமில வாயு அதில் கரைந்திருப்பதால் அப்படி. அந்தத் தண்ணீர் ஆயிரக்கணக்கான வருடமாக மண்ணைக் கழுவிக் கழுவி, சுண்ணாம்புச் சத்தைக் கொண்டுபோய்விட்டது. மண் புளித்துப்போயிருக்கிறது. நம் நீலகிரி, கொடைக்கானல் மலை மண்ணும் அப்படித்தான். அங்கே சுண்ணாம்பு மருந்து.

மதுரைச் சமவெளிக்கு ஆண்டுக்கு 850 மில்லிமீட்டர் வாக்கில்தான் மழை. வெயிலோ நமக்கே தெரியும். கீழே இறங்கும் தண்ணீரைவிட ஆவியாகி மேலே போகும் தண்ணீர் அதிகம். தண்ணீர் போய்விடும், அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு மண்ணிலேயே தங்கிவிடும். கிணறு வெட்டும்போது வெள்ளை வெள்ளையாக வருகிறதே சுக்கான் கல், அது இப்படிச் சேர்ந்த சுண்ணாம்புதான். இங்கே மேலும் சுண்ணாம்பு போடுவது, காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்துவது போல.

அதற்காக மதுரை மாவட்டம் முழுதும் ஒரே எண் என்று நினைக்காதீர்கள். ஒரே ஊரில் மேட்டுச் செம்மண் ஒன்று காட்டும், பள்ளத்துக் கரிசல் ஒன்று காட்டும். பக்கத்துத் தோட்டக்காரரின் எண்ணை வைத்து உங்கள் மண்ணுக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது.

இரும்பு இருக்கிறது, எடுக்க முடியவில்லை

மல்லிகை மஞ்சளானதற்கு இரும்புப் பற்றாக்குறைதான் காரணம். அதில் கடைக்காரர் சொன்னது சரி. ஆனால் மண்ணில் இரும்பு இல்லை என்றாரே, அது தவறு. மண்ணில் இரும்பு டன் கணக்கில் இருக்கிறது. செம்மண்ணின் சிவப்பே இரும்புத் துருதான். வேருக்குத் துரு பயன்படாது. கரைந்த இரும்பு வேண்டும். மண்ணின் எண் ஒரு படி ஏறினால், அந்தத் துரு இரும்பு தண்ணீரில் கரையும் அளவு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துபோகும். நான் போட்ட அன்னபேதியும் காற்றும் காரமும் பட்டுத் துருவானதுதான் மண்மேல் தெரிந்த அந்தத் திட்டுகள். 25 கிலோ இரும்பு உப்பு வாங்கிப் பத்து நாளில் துருவாக்கிவிட்டேன்.

செடி சும்மா இருப்பதில்லை. மல்லிகை போன்ற செடிகள் இரும்பு கிடைக்காதபோது வேர் நுனியிலிருந்து அமிலத்தைக் கசியவிட்டு, பக்கத்து மண்ணைப் புளிக்க வைத்து இரும்பைக் கரைத்துக்கொள்ளும். என் நிலத்தில் சுண்ணாம்பும், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலுள்ள பைகார்பனேட்டும் அந்த அமிலத்தை உடனுக்குடன் நடுநிலையாக்கிவிட்டன. பைகார்பனேட் வேறொன்றுமில்லை, சமையல் சோடாவில் இருப்பதுதான். பட்டியலில் சோடாவின் எண்ணும் என் மண்ணின் எண்ணும் 8.3 என்று ஒன்றாக இருப்பதற்குப் பின்னால் இந்தப் பைகார்பனேட் இருக்கிறது.

ஒரு முக்கியமான அடையாளம். இரும்புக் குறைவு என்றால் கொழுந்து இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். தழைச்சத்துக் குறைவு என்றால் அடி இலை முதலில் மஞ்சளாகும். காரணம், தழைச்சத்தைச் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்கு அனுப்பும். இரும்பை அப்படி அனுப்ப முடியாது. நான் இதைப் பார்க்காமலேயே பஞ்சகவ்யாவைக் கூட்டினேன். இன்னொன்றும் பாருங்கள்: வேர் அழுகல், நூற்புழு, செஞ்சிலந்தி இருந்தாலும் மல்லிகை மஞ்சளாகும். ஒரு செடியைப் பறித்து வேரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

புளித்த மோர் ஊற்றினால் சரியாகாதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. மண் காரம், மோர் அமிலம்; ஊற்றினால் நடுநிலையாகிவிடும் அல்லவா? நானும் ஒரு மாதம் அப்படித்தான் நம்பினேன். பிறகு பழைய தொழில் புத்தி வந்தது, பேனா எடுத்துக் கணக்குப் போட்டேன். நீங்களும் போடுங்கள்.

ஒரு ஏக்கரில் மேல்மண் அரை அடி ஆழத்துக்குச் சுமார் 900 டன் எடை. என் 40 சென்டில் 360 டன். அதில் நூற்றுக்கு 5 பங்கு சுண்ணாம்பு என்று வைத்துக்கொள்வோம். 18 டன், அதாவது 18,000 கிலோ.

200 லிட்டர் புளித்த மோர் ஊற்றுகிறேன். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு அமிலம் என்றால் 2 கிலோ. 2 கிலோ லாக்டிக் அமிலம் கரைக்கும் சுண்ணாம்பு சுமார் 1.1 கிலோ. 18,000 கிலோவில் ஒரு கிலோ!

சரி, கந்தகம் போடலாமா? ஒரு கிலோ கந்தகம் மண்ணில் நுண்ணுயிர்களால் கந்தக அமிலமாக மாறி, சுமார் 3 கிலோ சுண்ணாம்பைக் கரைக்கும். 18,000 கிலோவுக்கு ஆறு டன் கந்தகம் வேண்டும். யாரால் முடியும்?

இன்னும் ஒரு கணக்கு பாக்கி. என் தண்ணீர்ப் பரிசோதனைத் தாளில் காரத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று இருந்தது. 40 சென்டுக்கு 5 சென்டிமீட்டர் தண்ணீர் பாய்ச்சினால் சுமார் 81,000 லிட்டர். அதில் வருவது 24 கிலோ சுண்ணாம்புக்குச் சமமான காரம். அத்தனையும் மண்ணில் தங்காது. பாதி தங்கினால்கூட 12 கிலோ. மோர் ஊற்றி ஒரு கிலோ எடுத்தேன். ஒரே பாசனத்தில் 12 கிலோ போட்டேன்.

வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், பி.எச். எண் கவுண்டரில் தெரிகிற காசு. மண்ணிலுள்ள சுண்ணாம்பு, பெட்டகத்து இருப்பு. கவுண்டரில் கொஞ்சம் எடுத்தால் பெட்டகத்திலிருந்து உடனே வந்து நிரம்பிவிடும். பெட்டகத்தைக் காலி செய்ய நம்மால் ஆகாது.

மோர் வீண் என்று சொல்லவில்லை. தேமோர் கரைசல், அரப்பு மோர் கரைசல் இலைக்கும் பூவுக்கும் செய்கிற வேலை வேறு, அதைத் தொடருங்கள். மண்ணின் எண்ணை மாற்ற அதை நம்பாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

குப்பைக்குழி ஓரத்துப் பாடம்

அப்படியானால் அந்தப் பத்துச் செடி எப்படிப் பச்சையாக இருந்தது? குப்பைக்குழியிலிருந்து கசிந்த மட்கும், அதில் வேலை செய்த நுண்ணுயிரும் வேரைச் சுற்றி ஒரு சின்ன வளையத்தை உண்டாக்கியிருந்தன. மட்கு அழுகும்போது கரிம அமிலங்கள் வரும். அவை இரும்பைப் பிடித்து, துருவாக விடாமல் வேருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். 360 டன் மண்ணை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு செடிக்கும் வேர் இருக்கும் ஒரு கூடை மண்ணை மாற்றினால் போதும். அந்த அம்மா பார்த்த இடத்தில்தான் விடை இருந்தது. அதன்பின் நான் செய்தவை:

1. கார்த்திகையில், நவம்பர் கடைசியில் கவாத்து செய்ததும், செடியிலிருந்து ஓர் அடி தள்ளி வட்டமாக ஆழமில்லாத வாய்க்கால் பறித்து, செடிக்குப் பத்து கிலோ நன்கு மட்கிய தொழுஉரம் போட்டு மூடினேன். மேலே இலைதழை மூடாக்கு.

2. அன்னபேதியை மண்ணில் கொட்டாமல் இலையில் தெளித்தேன். லிட்டருக்கு 5 கிராம்; பத்து லிட்டர் டேங்குக்கு 50 கிராம். மல்லிகைக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவும் இதுதான்: மஞ்சள் மாறும் வரை மாதம் ஒரு முறை. முதலில் தண்ணீரில் இரண்டு மூன்று எலுமிச்சை பிழிந்துவிட்டு, அதன்பின் அன்னபேதி போடுங்கள். உப்புத் தண்ணீரில் நேரே போட்டால் பழுப்பாகக் கலங்கிவிடும்; கலங்கியதைத் தெளித்துப் பயனில்லை. முடிந்தால் மழைத் தண்ணீரில் கரையுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு, முதலில் நாலு செடியில் அடித்துப் பார்த்து, இலை கருகவில்லை என்றால் மற்றதுக்கு அடியுங்கள். சான்று பெற்ற இயற்கை உழவர்கள், பரிசோதனைத் தாளைக் காட்டி, சான்று தருபவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

3. தண்ணீரைக் குறைத்தேன். சுண்ணாம்பு மண்ணில் ஈரம் சொதசொதவென்று நின்றால் வேர் மூச்சுவிடும் கரியமில வாயு வெளியேற முடியாமல் பைகார்பனேட் கூடும், மஞ்சளும் கூடும். மண் காய்ந்த பிறகே அடுத்த பாசனம்.

4. பண்ணைக்குட்டை வெட்டினேன். மழைத் தண்ணீர் இருக்கிற மாதங்களில் அதுதான் பாசனம். அதில் காரம் வருவதில்லை.

இரண்டாவது தெளிப்புக்குப் பிறகு புதுக் கொழுந்து பச்சையாக வந்தது. முழுதும் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஓடைப்பக்கம் இரண்டு வரிசை இன்னும் வெளிறித்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த பங்குனியில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் பூ போனது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பூவுக்கு, அந்தப் பூ வர, வேர் இருக்கிற மண்ணைத் தெரிந்திருக்க வேண்டும்.

களர் வேறு, உவர் வேறு

என் நிலத்தின் நோய் சுண்ணாம்பு. எண் 8.5-ஐத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் அது வேறு நோய்.

உவர் நிலம்: உப்பு அதிகம். எண் 8.5-க்குள் இருக்கும்; உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்தும் திறன் 4-க்கு மேல் இருக்கும். காய்ந்தால் வெள்ளையாகப் பூக்கும். நல்ல தண்ணீர் கட்டி, வடிகால் வெட்டி உப்பைக் கழுவிவிடலாம்.

களர் நிலம்: சோடியம் மண் துகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். எண் 8.5-க்கு மேல், 9, 10 கூடப் போகும். ஈரத்தில் சேறாக வழியும், காய்ந்தால் கல்லாகும், தண்ணீர் இறங்காது. அந்தக் காலத்தில் துணி வெளுக்க எங்கே மண் எடுத்தார்கள் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். அழுக்கைப் போக்கியது அந்த மண்ணிலிருந்த காரம். அந்த இடம் உங்கள் ஊர்க் களராக இருக்க வாய்ப்பு அதிகம்.

களருக்கு மருந்து ஜிப்சம். ஜிப்சம் அமிலம் அல்ல, சுண்ணாம்பும் அல்ல; கால்சியம் சல்பேட் என்ற உப்பு. அதிலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு மண்ணில் உட்காரும். வெளியேறிய சோடியம் தண்ணீரோடு வடிய வேண்டும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் போட்டால், தள்ளிவிட்டவன் வாசலிலேயே நிற்பான். எவ்வளவு வேண்டும் என்பதைப் பரிசோதனைக் கூடத்தில் 'ஜிப்சம் தேவை' என்று கணக்கிட்டுச் சொல்வார்கள், குத்துமதிப்பாகப் போடாதீர்கள். அதன்பின் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் முன் மடக்கி உழுங்கள். அது மட்கும்போது வரும் கரியமில வாயு தண்ணீரில் கரைந்து லேசான அமிலமாகி, மண்ணிலிருக்கும் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கால்சியத்தைக் கொடுக்கும். களரைத் தாங்கும் திருச்சி 1, திருச்சி 3 நெல் ரகங்களும் இருக்கின்றன.

என்னுடையது போல் சுண்ணாம்பு நிறைந்த, களர் அல்லாத மண்ணில் ஜிப்சம் போட்டு எந்தப் பயனும் இல்லை. கால்சியம் ஏற்கெனவே மலைபோல் இருக்கிறது.

வீட்டிலேயே இரண்டு சோதனை

எலுமிச்சைச் சோதனை: காய்ந்த மண் ஒரு கரண்டி எடுத்து, மேலே எலுமிச்சைச் சாறு விட்டுக் காதருகே வைத்துக் கேளுங்கள். சோடா பாட்டில் திறந்த மாதிரி 'ஸ்ஸ்' என்று பொங்கினால் மண்ணில் சுண்ணாம்பு தாராளம். அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும்போது கரியமில வாயு வெளியேறும் சத்தம் அது.

மஞ்சள் தாள் சோதனை: வெள்ளைத் தாளை மஞ்சள் கரைசலில் நனைத்து நிழலில் உலர்த்துங்கள். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு மழைத் தண்ணீர் கலக்கி அரைமணி நேரம் தெளிய விட்டு, தெளிந்த நீரில் ஒரு சொட்டு தாளில் வையுங்கள். உப்புத் தண்ணீரில் கலக்கினால் தண்ணீரின் குணம்தான் தெரியும், மண்ணின் குணம் தெரியாது. தாள் செம்பழுப்பானால் களர் என்று சந்தேகப்படுங்கள். என் மல்லிகை மண்ணுக்குத் தாள் நிறம் மாறவில்லை. ஊர் ஓரத்துக் களர் மண்ணுக்கு மாறியது.

இவை திசை காட்டும், எண் சொல்லாது. எண்ணுக்குப் பரிசோதனைக் கூடம்தான். 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் கொடுக்கும் அட்டையில் 12 விவரம் இருக்கும். கார அமில நிலையும் இரும்பும் அதில் உண்டு. வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள். ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி வளாகத்து வேளாண் அறிவியல் நிலையத்திலும் விசாரிக்கலாம். மண்ணோடு கிணற்றுத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொண்டுபோங்கள். நான் முதலில் அதை விட்டுவிட்டேன்.

கலக்கும் முன் யோசியுங்கள்

இந்தப் பாடம் நம் கரைசல் டிரம்மிலும் தினமும் வேலை செய்கிறது.

கோமியத்தில் சுண்ணாம்போ சாம்பலோ நிறையப் போட்டால் மூக்கைத் துளைக்கும் நெடி வரும். அது அம்மோனியா, தழைச்சத்து வாயுவாகிப் பறக்கிறது என்று அர்த்தம். எருக்குழியில் சாம்பல் கொட்டுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். பீஜாமிர்தத்தில் சுண்ணாம்பு சேர்க்கிறோமே என்றால், அது 20 லிட்டர் தண்ணீருக்கு வெறும் 50 கிராம். விதைக்குத்தான், உரத்துக்கு அல்ல.

சாம்பல் கடும் காரம். கார மண்ணில் சாம்பல்சத்து கிடைக்கும் என்று கூடை கூடையாகக் கொட்ட வேண்டாம். புளித்த கரைசலோடு சாம்பல் தண்ணீரைக் கலக்கவும் வேண்டாம். ஒன்றை ஒன்று அழித்துவிடும்.

போர்டோ கலவை, பிரான்சின் போர்டோ பகுதியில் 1885 வாக்கில் திராட்சைக்கு வந்த மருந்து. அதுவும் நடுநிலையாக்கல்தான். ஒரு சதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். மயில்துத்தக் கரைசல் அமிலம். தனியாக அடித்தால் இலை கருகும். பிளாஸ்டிக் வாளியில், சுண்ணாம்புப் பாலில் துத்தக் கரைசலை மெல்ல ஊற்றிக் கலக்கி, தீட்டிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு படிந்தால் அமிலம் மிச்சம். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் விடுங்கள். நம் தாத்தாக்கள் லிட்மஸ் தாள் இல்லாமல் செய்த சோதனை இது. செம்பு மருந்துக்கு இயற்கை விவசாயச் சான்றில் கட்டுப்பாடு உண்டு, கேட்டுக்கொண்டு பயன்படுத்துங்கள்.

முடிக்கும் முன்

வங்கியில் ஒருவருக்குக் கடன் கொடுக்கும் முன் அவர் கணக்கைப் பார்ப்போம். நிலத்தில் ஒரு மூட்டை எதையாவது கொட்டும் முன் நிலத்தின் கணக்கைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. இயற்கை இடுபொருள்தானே, என்ன கெடுதல் வந்துவிடும் என்ற நினைப்பு. சுண்ணாம்பும் இயற்கைதான், சாம்பலும் இயற்கைதான். இடம் மாறினால் இரண்டும் கேடு.

இந்த இதழைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போங்கள், கையில் ஓர் எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு மூலையிலும் நடுவிலும் மண் எடுத்து அதில் பிழிந்து கேளுங்கள். எங்கே பொங்குகிறது, எங்கே பொங்கவில்லை என்று பிள்ளையை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்குப் போங்கள். அதுவரை கடைக்குப் போக வேண்டாம்.